டிரையத்லானும் எங்க மாவட்டத்துச் சைக்கிளும்

ஸ்பிரிண்ட் டிரையத்லான் முடிச்சிருக்கேன்னு ஆபீஸ்ல சொன்னா உடனே வர்ற கேள்வி, "ஓ, அப்போ அயர்ன்மேன் எப்போ?" அடுத்தது, "ஸ்பிரிண்ட்னா சின்னதுதானே?" இந்த ரெண்டுக்கும் நிதானமா பதில் சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை. இந்த வாரம் ஆணி கொஞ்சம் குறைவு. அதனால இன்னைக்கே சொல்லிடறேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி அறிமுகம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் இடைவேளை இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதுதான் டிரையத்லான். (தமிழ்ல மும்முனைப் போட்டின்னு சொல்லலாம்தான். எலெக்‌ஷன்னு நினைச்சுக்குவாங்க :)) ஸ்பிரிண்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக்கில் தனிநபர் போட்டிக்கு இதைப் போல இரண்டு மடங்கு. அயர்ன்மேன் என்பது ஒரு நிறுவனத்தோட பேரு. அவங்க முழுப் போட்டி 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதுக்கப்புறம் ஒரு முழு மாரத்தான். அதில் பாதிதான் கோவாவில் 2019-லேர்ந்து நடக்குற 70.3. தேஜஸ்வி சூர்யா 2024-ல் அதை முடிச்சார், 2025 நவம்பர்ல அண்ணாமலையும் முடிச்சார். டிரையத்லான்னு ஒண்ணு இருக்கிறதே நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு அப்பதான் தெரிஞ்சுது. (அரசியல் பேசலை சாமி, ஆளை விடுங்க.) அந்தப் பாதியைத்தான் நம்ம மக்கள் "அயர்ன்மேன்"னு சுருக்கிட்டாங்க. அதனால அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் ஏதோ எல்கேஜி மாதிரி ஆயிடுச்சு.

வரலாற்றைப் பார்த்தா கதை தலைகீழ். இந்தப் பேரில் நடந்த முதல் போட்டி 1974 செப்டம்பர் 25-ல், அமெரிக்காவில் சான் டியேகோ பக்கம் மிஷன் பே என்ற இடத்தில். அன்னைக்கு புதன்கிழமை. வேலைநாள் சாயங்காலம், ஆபீஸ் முடிச்சிட்டு வந்த மாதிரி 46 பேர். தூரமும் கம்மிதான், நீச்சல் அரை கிலோமீட்டர் கூட வராது. கடைசி ஆள் வர்றதுக்குள்ள இருட்டிப்போய், கார் ஹெட்லைட்டைப் போட்டு வெளிச்சம் காட்டினாங்களாம். அந்த 46 பேரில் இருந்த ஒரு தம்பதிதான் (ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ்) பிறகு ஹவாய்க்குப் போய் 1978-ல் அயர்ன்மேனை ஆரம்பிச்சவங்க. அதுல கிளம்பினது 15 பேர், முடிச்சது 12 பேர். ஆக, சின்னதுதான் மூத்தது. பெரியது அதுக்குப் பொறந்த பிள்ளை.

வேகம் பத்தி சந்தேகம் இருந்தா 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியை யூட்யூப்ல தேடிப் பாருங்க. அங்கே தனிநபர் போட்டியே ஸ்பிரிண்ட் தூரம்தான். ஆண்கள்ல ஜெயிச்ச அலெக்ஸ் யீ, நீந்தி சைக்கிள் ஓட்டி ஓடி முடிக்க எடுத்துக்கிட்டது ஐம்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. நம்ம நாட்டுலேர்ந்து போன பிரக்ஞா மோகன் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். இதை "சின்னது"ன்னு அவங்க முன்னாடி சொல்லிப் பாருங்களேன்.

நான் எடுத்துக்கிட்டது ஒரு மணி நேரம் நாற்பத்தேழு நிமிஷம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம், கடலில் நீச்சல். மிதவை கட்டி, கயிறு போட்டு, மீனவப் பசங்க படகில் காவலுக்கு நின்னாங்க. கரையில் நின்ன எங்க கும்பல்ல முக்கால்வாசிப் பேர் நம்ம ஐ.டி. ஜாதி. சைக்கிளைப் பத்தி அரை மணி நேரம் பேசுவாங்க, கார்பன் ஃப்ரேம், வாட்டேஜ், ஏரோ பார்... கடலைப் பார்த்ததும் எல்லாரும் மௌனம். கொம்பு ஊதினதும் முதல் இருநூறு மீட்டர் ஒரே கைகலப்பு. யாரோ உதைக்கிறாங்க, நாம யாரையோ உதைக்கிறோம். நீச்சல் குளத்துல தரையில் நீலக் கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கிட்டே போயிடலாம். கடலில் கோடு கிடையாது. ஏழெட்டுக் கைவீச்சுக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி மிதவை எங்கேன்னு பார்க்கணும். பார்க்கலைன்னா இலங்கைக்குப் போயிடுவோம். பதறினா படகைப் பிடிச்சுக்கலாம், அதுக்கு விதியில் அனுமதி உண்டு, படகோட முன்னாடி நகரத்தான் கூடாது. எனக்கு முன்னாடி போன நாலு பேர் படகைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடியிருந்தாங்க. அவங்க எல்லாம் சைக்கிள்ல என்னை அனாயாசமாத் தாண்டினவங்க.

ஒண்ணு கவனிச்சேன். அன்னைக்கு அங்கே இருந்தவங்கள்லயே நல்லா நீந்தத் தெரிஞ்சவங்க அந்தப் படகுப் பசங்கதான். அவங்க காவலுக்கு. நாங்க காசு கட்டி நீந்தறோம்.

தண்ணியை விட்டு வெளியே வந்து சைக்கிளுக்கு மாறுற இடத்தை ட்ரான்சிஷன்னு சொல்றாங்க. கேக்க சாதாரணமா இருக்கும். ஈரக் காலுக்கு ஷூ போடணும், ஹெல்மெட் பட்டையை மாட்டின பிறகுதான் சைக்கிளைத் தொடணும், கோட்டைத் தாண்டின பிறகுதான் ஏறணும். கையெல்லாம் நடுங்கும்போது ஹெல்மெட் பக்கிளை மாட்டிப் பாருங்க தெரியும். அப்புறம் சைக்கிள்லேர்ந்து இறங்கி ஓட ஆரம்பிச்சா முதல் ஒரு கிலோமீட்டருக்குக் கால் நம்ம கால் இல்லை, யாரோ வாடகைக்குக் குடுத்தது. அதுக்குன்னே சைக்கிள் ஓட்டின கையோட ஓடிப் பழகணும். அந்தப் பயிற்சிக்கு ப்ரிக், அதாவது செங்கல்னு பேரு. பேர் வெச்சவன் அனுபவிச்சவன்.

நம்ம ஊர் சூட்டுக்கு வெட்சூட் செலவு மிச்சம். தண்ணி 22 டிகிரிக்கு மேல போனா அமெச்சூர்களுக்கு இந்தத் தூரத்தில் அது அனுமதியே இல்லை. மிச்சம் என்ன வேணும்? ஒரு நீச்சல் கண்ணாடி, ஓடுற சைக்கிள், ஒரு ஹெல்மெட், ஒரு ஜோடி ஷூ. என்னோடது பதினெட்டாயிரம் ரூபாய் ஹைபிரிட் சைக்கிள், பின்னாடி கேரியர் வெச்சது. கேரியரைக் கழட்டிட்டு ஓட்டினேன். (போட்டி முடிஞ்சதும் திரும்ப மாட்டியாச்சு. மளிகை சாமான் யார் தூக்குறது?)

ஆவூருக்குப் போயிருந்தப்போ அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, நீஞ்சுறதுக்கும் சைக்கிள் விடுறதுக்கும் ஓடுறதுக்கும் மூவாயிரம் ரூவா கட்டுனியா? உன் வயசுல நாங்க அதைத் தெனம் பண்ணோம். எங்களுக்கு யாரும் மெடல் தரலையே?"

சிரிச்சிட்டு விட்டுடலாம். ஆனா அதுல விஷயம் இருக்கு. எங்க ஊர், விராலிமலை பக்கம். பழைய மாதா கோயிலுக்குப் பேர் போனது, வீரமாமுனிவர் ஊழியம் செய்த ஊர்னு பெருமையா சொல்லிக்குவோம். ஆறு கிடையாது. கிணறும் கண்மாயும்தான். ஆம்பளைப் பசங்க கிணத்துல நீச்சல் கத்துக்குவோம். சித்தப்பா முதுகுல காலி எண்ணெய் கேனைக் கட்டி, இடுப்புல கயித்தைக் கட்டி, ஒரு தள்ளு. அவ்வளவுதான் கோச்சிங். (கேன் இல்லாம இறங்கினா கடப்பாரை நீச்சல்.) பதினொன்றாம் வகுப்புல அரசாங்கம் குடுத்த சைக்கிள். பஸ்ஸை விட்டா ஓட்டம். மூணும் அங்கேயே இருந்தது, வரிசையாச் செய்யச் சொல்லி யாரும் சொல்லலை, அவ்வளவுதான்.

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். லக்னோ பக்கத்துலேர்ந்து வந்த டீம் மேட் ஒருத்தர், என் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம்னு சொன்னதும், "சைக்கிள் புதுக்கோட்டையா?"ன்னார். எனக்கு ஒண்ணும் புரியலை. எட்டாம் வகுப்பு ஹிந்திப் பாடப் புத்தகத்துல படிச்சாராம்! பி.சாய்நாத் எழுதின கட்டுரை. எங்க மாவட்டத்தைப் பத்தி, எங்களுக்கே பாடமா வராதது, அவருக்குப் பரீட்சைக்கு வந்திருக்கு.

விஷயம் இதுதான். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சப்போ, கலெக்டரா இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கக் கத்துக் குடுக்கிறதோட, பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கத்துக் குடுக்கணும்னு முடிவு பண்ணாங்க. யாரும் அவங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு காத்திருக்கக் கூடாது, அதுதான் கணக்கு. கல் உடைக்கிறவங்க, கூலி வேலைக்குப் போறவங்க, டீச்சருங்க, கிராம நர்ஸுங்கன்னு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கத்துக்கிட்டாங்கன்னு சாய்நாத் எழுதியிருக்கார். 1992-ல் மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பெண்கள் சைக்கிள்ல கொடி கட்டி, மணி அடிச்சுக்கிட்டு டவுனுக்குள்ள வந்திருக்காங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கியிருக்காங்க. அதுலயும் ஒரு வசதி, முன்னாடி இருக்கிற பாருல குழந்தையை உக்கார வெச்சுக்கலாம். கத்துக்கிட்டவங்க அடுத்தவங்களுக்குக் கத்துக் குடுத்தாங்க. ஸ்டேடியமோ ஸ்பான்சரோ இல்லாமலே நடந்தது.

எங்க அம்மா அப்போ கத்துக்கிட்டவங்கள்ல ஒருத்தர். கல்யாணத்துக்கு முந்தி. தாத்தா சொன்னாராம், "பொட்டப்புள்ள சைக்கிள்லேர்ந்து விழுந்து கை கால் ஒடஞ்சா யாருடி கட்டுவா?" அம்மா விழுந்தாங்க. முழங்கால்ல தழும்பு இன்னும் இருக்கு. அப்புறமும் அப்பா கட்டிக்கிட்டார் :)

இப்ப ஓட்டத்துக்கு வருவோம். இதே மாவட்டம் கத்தக்குறிச்சியிலேர்ந்து, செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோருக்குப் பொறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர்ல வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனைன்னு சொல்லி அந்த மெடலைப் பிடுங்கின கதை எல்லாருக்கும் தெரியும், அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா இன்னைக்கு முடியாது. சூர்யா லோகநாதன், இவரும் புதுக்கோட்டைக்காரர், 2016 குவாஹாத்தி தெற்காசியப் போட்டிகள்ல 5,000, 10,000 மீட்டர் ரெண்டுலயும் தங்கம். ஆக சைக்கிள் இருக்கு, ஓட்டம் இருக்கு. ரெண்டுலயும் பெண்கள்தான் முன்னாடி.

தண்ணியில மட்டும் பெண்களே இல்லை.

எங்க அக்கா மகளுக்குப் பதிமூணு வயசு. ஸ்கூல்ல ரிலே ஓடுறா. சைக்கிள்ல ரெண்டு கையையும் விட்டுட்டுப் போறா (அக்கா இதைப் படிக்க மாட்டாங்கன்னு நம்பறேன்). ஆனா இதுவரைக்கும் இடுப்பளவு தண்ணியில இறங்கினதில்லை. கிணத்துக்கு நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னப்போ தடுத்தது யார் தெரியுமா? சைக்கிள் கத்துக்கிட்ட அதே அம்மா. "வயசுப் புள்ளய கெணத்துல எறக்குவியா? ஊரு என்ன சொல்லும்?" தாத்தா பேசின வசனம், அச்சு அசல், பாத்திரம் மட்டும் மாறியிருக்கு. அம்மாகிட்ட இதைச் சொன்னேன். முறைச்சாங்க. பதில் வரலை.

இது மெடல் விஷயம் மட்டும் இல்லை. தண்ணியில் மூழ்கி இந்தியாவில் வருஷத்துக்கு முப்பதாயிரத்துக்கும் மேல சாகறாங்க, அரசாங்கக் கணக்குப்படியே. ஒவ்வொரு கோடை லீவுக்கும் பேப்பர்ல அந்தச் செய்தி வரும். கைவிட்ட கல் குவாரி, கண்மாய்ல மண் அள்ளின பள்ளம், ஒரு பிள்ளை விழுந்து அதைக் காப்பாத்தப் போன அடுத்த பிள்ளையும்... முன்னாடியாவது ஆம்பளைப் பசங்க கிணத்துல கத்துக்கிட்டாங்க. இப்போ போர்வெல் போட்டுப் போட்டு கிணறெல்லாம் வத்திப் போச்சு, பாதிக் கிணறு குப்பைத் தொட்டி. பசங்களுக்கும் நீச்சல் போயிட்டிருக்கு. குவாரித் தண்ணிதான் மிச்சம். அது கிணறு மாதிரி கூட இல்லை, படி கிடையாது, பிடிச்சு ஏற விளிம்பு கிடையாது, கரையிலேர்ந்து ஒரே அடியில ஆழம்.

ஏழை நாடு என்ன பண்ணும்னு கேக்கறவங்களுக்கு பங்களாதேஷைக் காட்டறேன். அங்கே ஸ்விம்சேஃப்னு ஒரு திட்டம். நீச்சல் குளம் எதுவும் கட்டலை. ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கில்ல ஒரு தட்டி மேடை, சுத்தி மூங்கில் வேலி. பிள்ளைக்கு நெஞ்சளவுக்கு மேல தண்ணி வராது. உள்ளூர் ஆளுக்கே பயிற்சி குடுத்து அவங்களை வாத்தியார் ஆக்கிடறாங்க. பள்ளி வயசுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் கத்துக் குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. மூங்கிலும் கயிறும் எங்க ஊர்ல கிடைக்காதா என்ன? ஜல்லிக்கட்டுக்கு ஒரே ராத்திரியில வாடிவாசல், தடுப்புக் கட்டை, மேடை எல்லாம் கட்டற ஆளுங்க எங்க ஆளுங்க.

எதிர்ப்பு வரும்னு தெரியும். முதல்ல துணி. பெண் பிள்ளைகள் என்ன போட்டுக்கிட்டு இறங்கறதுன்னு. முழங்கால் வரைக்கும் லெக்கிங்ஸ், டீ-ஷர்ட் போதும், போட்டி விதிக்கே அது ஆகும். யார் கத்துக் குடுக்கிறது? பெண்களே. அறிவொளியில அப்படித்தானே நடந்தது. எந்தத் தண்ணி? ஊருணி கூடாது, அது குடிதண்ணி, காலை வெச்சா வெட்டு குத்துதான். குவாரி கூடவே கூடாது. சீமைக் கருவேல முள்ளை எடுத்துட்டு, ஆழம் அளந்து குச்சி நட்ட ஒரு கண்மாய்க் கரை போதும். படி வெச்ச பெரிய கிணறா இருந்தா இன்னும் நல்லது. தண்ணி சுத்தமான்னு பார்க்கணும், அது நியாயமான கேள்வி. 2024 பாரீஸ் ஒலிம்பிக்ல நூத்துக்கணக்கான கோடி யூரோ செலவு பண்ணி சேன் நதியைச் சுத்தம் பண்ணியும், கிருமி அதிகம்னு ஆண்கள் டிரையத்லானை ஒரு நாள் தள்ளி வெச்சாங்க. நாம ரெண்டு பாட்டில் தண்ணி எடுத்து லேபுக்கு அனுப்பினா போதும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா"ன்னு கேக்கிற ஆளுங்களுக்கு, பெர்முடான்னு ஒரு தீவு இருக்கு. மக்கள்தொகை அறுபத்தஞ்சாயிரம் கூட கிடையாது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல அந்தத் தீவுக்கு முதல் தங்கம் வாங்கிக் குடுத்தது ஃப்ளோரா டஃபி, பெண்கள் டிரையத்லான்ல. எங்க மாவட்டத்துல 2011 கணக்குப்படியே பதினாறு லட்சம் பேர். ஒலிம்பிக் தங்கம் வேணும்னு நான் கேக்கலை. அறுபத்தஞ்சாயிரத்துலேர்ந்து ஒருத்தர் வர்றப்போ, பதினாறு லட்சத்துல நீஞ்சத் தெரிஞ்ச ஆயிரம் பொண்ணுங்க வர மாட்டாங்களான்னுதான் கேக்கறேன்.

அதனாலதான் சின்னத் தூரத்துக்கு இவ்வளவு வக்காலத்து வாங்கறேன். கோவாவுக்கு ஒருத்தர் போறதுக்கு ஆகிற செலவுல ஒரு பள்ளிக்கூடத்துக்கே ஸ்பிரிண்ட் நடத்திடலாம். ஸ்பிரிண்ட்டும் பெருசுன்னா சூப்பர் ஸ்பிரிண்ட் இருக்கு, 400 மீட்டர் நீச்சல், 10 கி.மீ. சைக்கிள், 2.5 கி.மீ. ஓட்டம். சென்னை ட்ரெக்கிங் கிளப் காரங்க 2010-கள்ல தன்னார்வலர்களை மட்டும் வெச்சு சென்னை டிரையத்லான் நடத்திக் காட்டினவங்க. நடத்த முடியாத சமாச்சாரம் இல்லை. அரசாங்கம் குடுத்த சைக்கிள் வீட்டு வீட்டுக்கு நிக்குது. ரோடு இருக்கு. ஓட ஷூ கூட இல்லாம ஓடற பிள்ளைங்க இருக்காங்க. ரெண்டு கோடை லீவு நீச்சல் கத்துக் குடுத்துட்டு, மழை முடிஞ்சு கண்மாய் நிறைஞ்சிருக்கிற ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வெச்சா முடிஞ்சுது. (பொங்கலை ஒட்டி வேண்டாம். ஜல்லிக்கட்டுக்கு போலீஸும் ஆம்புலன்ஸும் அங்கே போயிடும்.)

அம்மா இன்னும் முழுசா ஒத்துக்கலை. "கேன் ரெண்டா கட்டணும், நானும் கெணத்து மேட்டுல உக்காந்திருப்பேன்"ங்கிற வரைக்கும் இறங்கி வந்திருக்காங்க. சித்தப்பாவோட கிணத்துல இப்போ பதினஞ்சு அடி தண்ணி இருக்காம். அடுத்த லீவுக்கு டிக்கெட் போட்டாச்சு, கயிறும் வாங்கியாச்சு. மாவட்டத்துல யாராவது பெருசா ஆரம்பிக்கிறதா இருந்தா சொல்லுங்க, மூங்கில் தூக்கறதுலேர்ந்து தண்ணி பாக்கெட் குடுக்கிற வரைக்கும் எந்த வேலைக்கும் நான் வர்றேன்.